ஓரியின் மலையும் ஒரு மாத்திரையும்

கொல்லிமலை என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு இரண்டு பேர் நினைவுக்கு வருவார்கள். ஒருவன் வல்வில் ஓரி. யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் ஒரே அம்பில் துளைத்த வில்லாளி. வன்பரணர் பாடிப் பரிசு பெற்றுப் போன வள்ளல். மற்றவள் கொல்லிப்பாவை. தெய்வம் அந்த மலையில் செய்து வைத்த பதுமை என்பார்கள். அவள் சிரிப்பாள், சிரிப்பில் மயங்கி அருகே போனவன் திரும்பி வரமாட்டான்.

ஓரியைத் திருக்கோவலூர்க் காரி கொன்றான்; மலை சேரன் கைக்குப் போயிற்று. அதே காலத்தில் வடக்கே தகடூரில், அதாவது இன்றைய தருமபுரியில், அதியமான் ஆண்டுகொண்டிருந்தான். ஏற முடியாத மலைப் பிளவிலிருந்து பறித்த ஒரு நெல்லிக்கனி அவனுக்குக் கிடைத்தது. தின்றவர்கள் நீண்ட ஆயுளோடு இருப்பார்கள் என்று அதற்குப் பெருமை. அவன் அதைத் தின்னவில்லை. பழத்தின் மகிமையைச் சொல்லாமலே ஔவையாரிடம் கொடுத்துவிட்டான். ஆயுளை நீட்டும் மருந்தைப் பற்றித் தமிழில் உள்ள மிகப் பழைய கதைகளில் இது ஒன்று. அந்த நெல்லி உண்மையிலேயே ஆயுளை நீட்டியதா என்று யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. கொடுத்தவனின் மனசைத்தான் நாம் இரண்டாயிரம் வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் காலத்தில் அப்படி விட்டுவிட முடியாது. மருந்து என்று ஒருவர் சொன்னால், பலித்ததா, யாருக்குப் பலித்தது, எத்தனை பேருக்கு என்று கேட்டே ஆகவேண்டும். அந்தக் கேள்வியோடுதான் நான் கொல்லிமலை ஏறினேன்.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதியிருக்கிறார்கள். வயிறு புரளுகிறவர்கள் இன்னும் எத்தனை பாக்கி என்று எண்ணிக்கொள்ளலாம். மேலே ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் குளிர்ந்த சமவெளிகளும் பலா மரங்களும் மிளகுக் கொடிகளும். ஊராட்சிகளுக்கு இன்னமும் ‘நாடு’ என்றுதான் பெயர்: வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்று பதினான்கு. அறப்பளீசுவரரைத் தரிசித்து, ஆகாய கங்கையில் குளித்துவிட்டுத் திரும்புகிற பட்டணத்து ஜனங்கள் முன்பெல்லாம் தேனும் மலை வாழைப்பழமும் வாங்கிப் போனார்கள். இப்போது சாமையும் தினையும் வாங்குகிறார்கள். ஏன் என்று இரண்டு பேரைக் கேட்டுப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: கொலஸ்டிரால்.

எனக்கும் அந்த மலையில் அதே காரியம்தான். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன் அவருக்கு நெஞ்சு வலி வந்து, இருதய ரத்தக் குழாயில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து தினமும் ராத்திரி ஒரு மாத்திரை. நான் புறப்படுகிறேன் என்று தெரிந்ததும் பையைக் கொண்டுவந்து கொடுத்தார்.

“தம்பி, ஐந்து கிலோ சாமை வாங்கி வா. நாளையிலிருந்து மாத்திரையை நிறுத்திவிடப் போகிறேன். நம் பாட்டன் பூட்டனெல்லாம் மாத்திரையா தின்றார்கள்?”

“டாக்டரைக் கேட்டீர்களா, சார்?”

“அவரைக் கேட்டால் மாத்திரை தின்னச் சொல்வார். சாமை விற்கிறவனைக் கேட்டால் சாமை தின்னச் சொல்வான். நீ கதை எழுதுகிறவன். இரண்டிலும் உனக்கு லாபமில்லை. விசாரித்துச் சொல்.”

இப்படி ஒரு பொறுப்பு தலையில் விழுந்தது. ரசாயன சாஸ்திரத்துக்கும் எனக்கும் இருந்த உறவு கல்லூரியின் முதல் இரண்டு வருஷத்தோடு அறுந்துபோய்விட்டது. ஆனால் ஒரு பொருளின் சரித்திரத்தைப் படித்தால் அதன் குணம் தெரியும் என்பது கதைக்காரனின் நம்பிக்கை. மனிதர்கள் விஷயத்தில் அது பலிக்கிறது. மருந்து விஷயத்திலும் பலிக்கும் என்று தோன்றியது.

கொலஸ்டிரால் முதலில் அகப்பட்டது ரத்தத்தில் அல்ல, பித்தப்பையில் உண்டாகும் கற்களில். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிரான்சில் அதைப் பிரித்தெடுத்திருந்தார்கள். 1815-ல் செவ்ரூல் என்ற பிரெஞ்சு ரசாயன நிபுணர் அதற்குப் பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் பித்தம் என்பதற்கு ஒரு சொல்லும் கட்டிப் பொருள் என்பதற்கு ஒரு சொல்லும் சேர்ந்தது அந்தப் பெயர். சோப்பு, மெழுகுவர்த்தி, கொழுப்பு இவற்றிலேயே வாழ்நாளைக் கழித்த அந்த மனிதர் 102 வயது வரை இருந்தார். அவருடைய ரத்தத்தில் கொலஸ்டிரால் எவ்வளவு என்று அளந்து பார்க்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

1910-ல் ஜெர்மனியில் விண்டாஸ் என்பவர், தடித்துப்போன ரத்தக் குழாய்ச் சுவரில் இந்தப் பொருள் மிக அதிகமாகப் படிந்திருப்பதைக் காட்டினார். 1913-ல் ருஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் அனிச்கோவ் என்ற இளம் டாக்டர், சுத்தமான கொலஸ்டிராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்குக் கொடுத்தார். சில மாதங்களில் அவற்றின் குழாய்கள் மனிதர்களுடையதைப் போலவே அடைத்துக்கொண்டன. மற்றவர்கள் எலிக்கும் நாய்க்கும் கொடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. ‘இலை தழை தின்கிற முயலுக்குக் கொழுப்பைக் கொடுத்தால் வேறென்ன ஆகும்?’ என்று சொல்லி, உலகம் அனிச்கோவை ஒதுக்கிவிட்டது.

மறுபடி அந்தப் பேச்சு எழுந்தது இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின்னால். அமெரிக்காவில் வேலை செய்து கொண்டிருக்கும்போதே ஆண்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்கள். 1948-ல் மாசசூசெட்ஸ் மாகாணத்துப் பிராமிங்ஹாம் என்ற ஊரில் 5,209 பேரைப் பதிவு செய்து, அவர்கள் வாழ்வையும் சாவையும் வருஷக்கணக்காகக் கவனித்து வந்தார்கள். புகை, ரத்த அழுத்தம், கொலஸ்டிரால் இந்த மூன்றும் உயர்ந்தவர்களுக்கு இருதய நோய் அதிகம் என்று அந்த ஊர் உலகத்துக்குச் சொல்லிற்று.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். கொலஸ்டிரால் விஷமல்ல. உடம்பின் ஒவ்வொரு அணுவுக்கும் அது சுவர் கட்டும் சாமான். பெரும்பகுதியை நம் ஈரலே தயாரித்துக்கொள்கிறது. ஆனால் ரத்தத்தில் அது கரையாது. ஒகேனக்கல்லில் சாமானையும் ஆட்களையும் பரிசலில் ஏற்றி அனுப்புகிறார்களே, அந்த மாதிரி சின்னச் சின்ன உருண்டைகளில் ஏற்றித்தான் உடம்பு அதை ரத்த ஆற்றில் விடுகிறது. எல்.டி.எல். என்று ரிப்போர்ட்டில் அச்சடித்திருப்பது அந்தப் பரிசல்களில் ஒரு வகை. அவை வந்து ஒதுங்க ஈரலில் படித்துறைகள் இருக்கின்றன. படித்துறைகள் போதாவிட்டால் பரிசல்கள் ஆற்றிலேயே சுற்றிச் சுற்றிக் கடைசியில் கரையில் செருகிக்கொள்ளும். அந்தக் கரைதான் இருதயத்தின் ரத்தக் குழாய். இந்தப் படித்துறைகளைக் கண்டுபிடித்த பிரௌன், கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்களுக்கு 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. சிலருக்குப் பிறவியிலேயே படித்துறை குறைவு. பச்சைத் தண்ணீரும் கீரையுமாக இருந்தாலும் அவர்களுக்குக் கொலஸ்டிரால் ஏறும். அவர்களைப் பார்த்து ‘நாக்கைக் கட்டவில்லை’ என்று பேசுவது அநியாயம்.

இனி மருந்தின் கதை. அது ஒரு சோகக் கதையோடுதான் தொடங்குகிறது. 1960-ல் அமெரிக்காவில் டிரைபரனால் என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தது. ஈரலில் கொலஸ்டிரால் உற்பத்தியாவதை அது தடுத்தது. ரத்தத்தில் எண் இறங்கியது. டாக்டர்களும் நோயாளிகளும் மகிழ்ந்தார்கள். பிறகு தலைமயிர் உதிர்ந்தது. கண்ணில் புரை விழுந்தது. உற்பத்தியின் கடைசிப் படியில் அந்த மருந்து கதவடைத்ததால் அதற்கு முந்தின சரக்கு உடம்பில் தேங்கிப் போயிற்று. 1962-ல் அதை விலக்கிக்கொண்டார்கள். அடுத்து வந்தது குளோபைப்ரேட். அதுவும் எண்ணைக் குறைத்தது. ஆனால் உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆதரவில் நடந்த பெரிய பரிசோதனையின் முடிவு 1978-ல் வெளிவந்தபோது, மருந்து தின்றவர்களில்தான் அதிகம் பேர் இறந்திருந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்குக் கொல்லிப்பாவை ஞாபகம் வந்தாள். ரிப்போர்ட்டில் இறங்குகிற எண்ணும் சிரிக்கத்தான் செய்கிறது. அந்தச் சிரிப்பை நம்பி அருகே போனவர்கள் எத்தனை பேர்! எண் குறைந்ததா என்பது பாதிக் கேள்வி. ஆள் பிழைத்தானா என்பதே முழுக் கேள்வி. இந்த ஒரு வாக்கியத்தை நூறு வருஷத்துச் சரித்திரத்திலிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

மேல்நாட்டு மருந்தை மட்டும் இப்படிக் கேட்டு, நம்முடையதைக் கேட்காமல் விடுவது நியாயமாகாது. குக்குலு என்ற பிசின் ராஜஸ்தான், குஜராத் வறண்ட நிலங்களில் ஒரு முள்மரத்திலிருந்து வடிவது. ஆயுர்வேதத்தில் கொழுப்பு நோய்க்குப் பேர் பெற்றது. காசி ஹிந்து சர்வகலாசாலையில் ஜி. வி. சத்தியவதி என்ற பெண் ஆராய்ச்சியாளர் சுசுருதர் சொன்னதை ஆதாரமாகக் கொண்டு முயல்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார், குறைந்தது. 1966-ல் வந்த அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரை நம் நாட்டில் பெரிய உற்சாகத்தை உண்டாக்கிற்று. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் அந்த வழியில் நடந்து, 1980-களில் குக்குலிப்பிட் என்ற மருந்தைக் கொண்டுவந்தது. இங்கே நடந்த பரிசோதனைகளில் பலன் தெரிந்தது. ஆனால் 2003-ல் அமெரிக்காவில் 103 பேரை எட்டு வாரம் வைத்துப் பார்த்தபோது எல்.டி.எல். குறையாததோடு சற்று ஏறியும் விட்டது. சிலருக்கு உடம்பில் தடிப்பு கண்டது. பூண்டும் அப்படித்தான். 2007-ல் கலிபோர்னியாவில் 192 பேருக்கு ஆறு மாதம் பச்சைப் பூண்டும் பூண்டு மாத்திரையும் கொடுத்தார்கள். எல்.டி.எல். அசையவில்லை. பூண்டு ரசத்துக்கு இதனால் ஒரு குறைவும் இல்லை. அதை ருசிக்காகச் சாப்பிடலாம்.

நிலைத்து நின்ற மருந்து எங்கிருந்து வந்தது தெரியுமா? பூசணம் பூத்த அரிசியிலிருந்து!

ஜப்பானின் வடக்கே அகிதா என்ற பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1933-ல் பிறந்தவர் அகிரா எண்டோ. சிறு வயதிலேயே காளான், பூசணம் என்றால் அவருக்கு ஒரு மயக்கம். பெனிசிலினைக் கண்டுபிடித்த பிளெமிங்கின் சரித்திரத்தைப் படித்து வளர்ந்தார். சாங்கியோ என்ற மருந்துக் கம்பெனியில் சேர்ந்து, 1966 முதல் இரண்டு வருஷம் நியூயார்க்கில் ஆராய்ச்சி செய்தார். பருத்த தேகத்தோடு நடமாடும் முதியவர்களையும், மாரடைப்பு நோயாளிகளுக்காக ஓடும் ஆம்புலன்ஸ் வண்டிகளையும் அங்கே கண்டார். ஊர் திரும்பியதும் அவருக்கு ஒரு யோசனை: கிருமிகளுக்குள்ளும் சண்டை உண்டு. எதிரியின் கொழுப்பு உற்பத்தியை முடக்குகிற ஆயுதம் ஏதாவது ஒரு பூசணத்திடம் இருக்காதா?

1971-ல் தேட ஆரம்பித்தார். ஏறக்குறைய ஆறாயிரம் நுண்ணுயிர்களைச் சோதித்தார். இரண்டு வருஷம் கழித்து அகப்பட்டது. கியோத்தோ நகரத்துத் தானியக் கடை ஒன்றில் எடுத்த அரிசியில் வளர்ந்த நீலப்பச்சைப் பூசணம், பெனிசிலின் தந்த பூசணத்துக்கு உறவு. அதிலிருந்து வடித்த பொருள், ஈரல் கொலஸ்டிரால் செய்யும்போது முக்கியமான ஒரு படியில், ஆரம்பக் கட்டத்திலேயே, குறுக்கே நின்றது. சொந்த உற்பத்தி குறைந்ததும் ஈரல் என்ன செய்கிறது? தட்டுப்பாட்டைச் சமாளிக்கப் புதிதாகப் படித்துறைகள் கட்டி, ஆற்றில் போகும் பரிசல்களை இழுத்துக்கொள்கிறது. டிரைபரனாலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

ஆனால் எலிகளுக்குக் கொடுத்தால் ஒன்றும் குறையவில்லை. கம்பெனி கைகழுவப் பார்த்தது. 1976-ல் முட்டையிடும் கோழிகள் வளர்த்த ஒரு சகாவைப் பிடித்து, அவற்றுக்குக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார் எண்டோ. முட்டையில் கொலஸ்டிரால் ஏராளம். ஆகவே கோழியின் ரத்தத்திலும் நிறைய இருக்குமல்லவா? கோழிகளுக்குப் பாதி வரையில் குறைந்தது. 1978-ல் ஒஸாகாவில் பிறவிக் கோளாறுள்ள பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு முதன்முதலாகக் கொடுத்தார்கள். கொலஸ்டிரால் இறங்கியது; கூடவே தசைத் தளர்ச்சியும் வந்ததால் நிறுத்த நேர்ந்தது. அளவைக் குறைத்து மற்றவர்களுக்குக் கொடுத்தபோது நன்றாகவே பலித்தது. ஆனாலும் மிகப் பெரிய அளவில் மருந்து தின்ற நாய்களுக்குப் புற்றுநோய் மாதிரி ஏதோ கண்டதாகச் சந்தேகம் பிறந்து, 1980-ல் கம்பெனி கதவைச் சாத்திவிட்டது. அதே குடும்பத்து மருந்து ஒன்றை வேறொரு பூசணத்திலிருந்து அமெரிக்காவின் மெர்க் கம்பெனி எடுத்தது. அதுவும் பயந்து நின்று, பிறகு துணிந்து, 1987-ல் அரசாங்க அனுமதி பெற்றது. ஸ்டாட்டின் என்று இன்று உலகம் முழுவதும் தின்கிற மருந்துக்கு இதுதான் ஜாதகம்.

ஆள் பிழைத்தானா என்ற கேள்விக்கு அப்போதும் விடை வரவில்லை. 1994-ல் வந்தது. பின்லாந்து, ஸ்வீடன் முதலான ஐந்து வட நாடுகளில், ஏற்கெனவே இருதய நோய் கண்ட 4,444 பேரைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஸ்டாட்டின், மறுபாதிக்கு வெறும் மாவு மாத்திரை என்று ஐந்து வருஷத்துக்கு மேல் கொடுத்தார்கள். மாவு மாத்திரை தின்றவர்களில் 256 பேர் இறந்தார்கள். மருந்து தின்றவர்களில் 182 பேர். வித்தியாசம் 74. எழுபத்துநாலு என்பது அச்சில் சின்ன எண். எழுபத்துநாலு வீட்டு வாசலில் எழவு விழாமல் போயிற்று என்று எண்ணிப் பார்த்தால் அதன் கனம் தெரியும்.

இதனால் மாத்திரை தின்றுவிட்டு மனம்போனபடி சாப்பிடலாம் என்று ஆகிவிடாது. மாத்திரை ஒருவருடைய ஈரலோடுதான் பேசும். ஊரோடு பேச அதற்குத் தெரியாது. ஊர் முழுவதும் பிழைக்க என்ன வழி என்று கேட்டால், பின்லாந்தின் கிழக்கோரத்தில் வட கரேலியா என்ற ஏழைப் பிரதேசத்தைப் பார்க்க வேண்டும். காட்டில் மரம் வெட்டி, மாடு வளர்த்துப் பிழைத்த ஜனங்கள். சோம்பேறித்தனம் அறியாத உழைப்பாளிகள். ஆனாலும் 1960-களில் நடுவயது ஆண்கள் மாரடைப்பில் மாண்டுபோவதில் உலகத்திலேயே முதல் வரிசையில் இருந்தது அவர்கள் நாடு. ரொட்டியில் கனமாக வெண்ணெய், கிண்ணம் கிண்ணமாகக் கொழுப்புப் பால், வாயில் புகை, உணவில் உப்பு.

1972-ல் பெக்கா புஸ்கா என்ற இளம் டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும் அங்கே வேலையைத் தொடங்கினார்கள். அவர்கள் பிரசங்கம் செய்யவில்லை. குடும்பப் பெண்களின் சங்கங்களுக்குப் போய், பழைய பதார்த்தங்களையே கொழுப்பைக் குறைத்து, காய்கறி கூட்டிச் சமைத்துக் காட்டினார்கள். வெண்ணெய் விற்காவிட்டால் மாடு வளர்ப்பவன் என்ன செய்வான்? அவனுக்குப் புதர்ப் பழங்கள் பயிரிட உதவினார்கள். உள்ளூரிலேயே விளையும் வித்திலிருந்து சமையல் எண்ணெய் வந்தது. நாற்பது வருஷத்தில் நடுவயது ஆண்களின் மாரடைப்புச் சாவு நூற்றுக்கு எண்பதுக்கு மேல் குறைந்தது. பிற்காலத்தில் மருந்தும் வைத்தியமும் அதில் பங்கு கொண்டன. ஆனால் பெரிய பங்கு சாப்பாட்டுத் தட்டிலிருந்து வந்தது. தட்டை மாற்றுவதற்கு வயலை மாற்ற வேண்டியிருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டிய சங்கதி.

கொல்லிமலையில் நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கே வயல் மாறியதால் தட்டு மாறியது.

மலையாளிகள் என்று பெயர் பெற்ற அந்த மலைவாழ் ஜனங்கள் சாமை, தினை, கேழ்வரகு, வரகு விதைத்துச் சாப்பிட்டவர்கள். சாமையிலேயே வெள்ளைப் பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை என்று பல ரகம். மண்ணுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் பெருகியபோது மலையில் மரவள்ளி ஏறியது. மரவள்ளிக்கு ரொக்கம் உண்டு. லாரி வாசலுக்கே வரும். கொஞ்சம் கொஞ்சமாகச் சாமைப் புனங்கள் கிழங்குக் கொல்லைகளாயின. மறுபக்கம் ரேஷன் அரிசி மலிவாக வந்தது. 2011 முதல் இலவசமாகவே வந்தது. பசித்த வயிற்றுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம் என்பதை மறந்துவிட்டு ரேஷனைக் குறை சொல்லுகிறவன் பட்டினி தெரியாதவன்.

செம்மேட்டுக்கு அப்பால் ஒரு திண்ணையில் உட்கார்ந்திருந்த கிழவியிடம், “நீங்கள் ஏன் இப்போது சாமை சமைப்பதில்லை?” என்று கேட்டேன்.

“ஆரு குத்தறது சாமி?” என்றாள். “விடியறதுக்கு முன்னால எந்திரிச்சு ஒரல்ல போட்டுக் குத்தோணும், பொடைக்கோணும், மறுக்காவும் குத்தோணும். கையி காய்ச்சுப் போயிரும். அரிசின்னா களைஞ்சு ஒலையில போட்டாத் தீந்துது. நீங்க வந்து குத்துவீங்களா?”

நான் பதில் சொல்லவில்லை. பழைய ஆகாரத்தின் மகிமையைப் பாடுகிற நம்மில் பெரும்பாலோர் உலக்கை பிடிக்காத ஜாதி. நம் பாட்டன்மார் ஆரோக்கியத்துக்குப் பாட்டிமார் தோள்வலி விலையாக இருந்தது. எம். எஸ். சுவாமிநாதன் 1988-ல் சென்னையில் நிறுவிய ஆராய்ச்சி நிலையம் கொல்லிமலையில் வேலை செய்ய வந்தபோது இந்த உண்மையைக் கண்டுகொண்டது. பழைய ரகங்களின் விதையைக் கிராமத்திலேயே சேமிக்க ஏற்பாடு செய்ததோடு, உமி நீக்கும் சின்ன இயந்திரங்களையும் கொண்டுவந்து, பெண்கள் குழுக்களின் கையில் கொடுத்தார்கள். சாமைக்குச் சந்தையும் தேடினார்கள். நாம் கடையில் வாங்கும் மலைச் சாமைக்குப் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது.

சரி, சாமை தின்றால் கொலஸ்டிரால் குறையுமா? சிறுதானியங்களைப் பற்றிப் பல தேசங்களில் நடந்த 19 ஆராய்ச்சிகளை ஹைதராபாத்துக்கு அருகே உள்ள இக்ரிசாட் நிலையத்தாரும் மற்றவர்களும் சேர்த்துக் கணக்கிட்டு 2021-ல் வெளியிட்டார்கள். மொத்தக் கொலஸ்டிரால் சுமார் நூற்றுக்கு 8 பங்கு குறைந்திருந்தது. தவிட்டில் உள்ள நார்ச்சத்து அதற்கு ஒரு காரணம். ஆனால் கடைகளில் முத்துமாதிரி வெளுத்துக் கிடக்கும் சாமையில் அந்தத் தவிடு போய்விட்டது. பழுப்பு நிறச் சாமையைக் கேட்டு வாங்க வேண்டும். அதையும் வனஸ்பதியில் பொங்கலாகக் கிண்டினால் பயனில்லை. வனஸ்பதியில் இருந்த கெட்ட கொழுப்பை நூற்றுக்கு 2-க்கு மேல் போகக்கூடாது என்று நம் அரசாங்கம் 2022-ல் கட்டுப்படுத்தியது.

சாமைக்கு 8. ஸ்டாட்டினுக்கு, தின்கிற அளவைப் பொறுத்து, எல்.டி.எல்.லில் 30 முதல் 50. இரண்டையும் ஒரு தாளில் எழுதி வாத்தியாரிடம் கொடுத்தேன். 256, 182 என்ற எண்களையும் எழுதினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“எட்டு என்பது பூஜ்யமில்லையே” என்றார்.

“இல்லை, சார். ஆனால் முப்பதுமில்லை.”

“அப்போ கூட்டல் கணக்கு. கழித்தல் கணக்கு இல்லை. இதைத் தின்கிறதால் அதை விடக்கூடாது. அவ்வளவுதானே?”

பதினைந்து பக்கத்தில் நான் சொல்ல நினைத்ததை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். கால் தசை வலிப்பதாக அவருக்கு ஒரு குறை உண்டு. மாத்திரையைத் தாமே நிறுத்தாமல் டாக்டரிடம் சொன்னார். டாக்டர் வேறு மாத்திரைக்கு மாற்றினார். ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இன்று வேறு மருந்துகளும் இருக்கின்றன. வாரத்தில் நான்கு நாள் அவர் வீட்டில் சாமைச் சோறு. குத்துகிற வேலை இயந்திரத்துக்கு. அவருடைய மனைவி அதில் ரொம்ப உறுதியாக இருக்கிறார்.

அகப்பட்ட இருதயத்துக்கு இப்படி ஒரு கணக்கு. இன்னும் அகப்படாத இருதயங்கள் நாட்டில் கோடிக்கணக்கில் உள்ளன. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தாரும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நாடு முழுவதும் லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்து 2023-ல் வெளியிட்ட கணக்கின்படி, பெரியவர்களில் நூற்றுக்கு 24 பேருக்குக் கொலஸ்டிரால் அதிகம். அத்தனை பேருக்கும் மாத்திரை கொடுத்து முடியாது, கொடுக்கவும் தேவையில்லை. புகையை விடுவதும், நடப்பதும், எண்ணெயைக் கவனிப்பதும், தவிடுள்ள தானியம் தின்பதும் அவர்களில் பலருக்கு முதல் மருந்து. ஆனால் அந்தத் தானியம் மலிவாகக் கிடைக்க வேண்டும். ரேஷன் கடையில் கேழ்வரகு கொடுக்கும் முயற்சி 2023-ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் தொடங்கியது. தருமபுரி என்றால் தகடூர், அதியமானுடைய ஊர்.

அந்த நெல்லிக்கனியைக் கொடுத்த மாதிரி இன்னொருவரும் கொடுத்தார். ஸ்டாட்டின் விற்று உலகத்துக் கம்பெனிகள் குவித்த செல்வத்தில் எண்டோவுக்குப் பங்கு வரவில்லை. பரிசுகளும் மரியாதைகளும் வந்தன, நோபல் வரவில்லை. முதிய வயதில் அவருக்கே கொலஸ்டிரால் ஏறியபோது தாம் கண்டுபிடித்த மருந்தைத் தொடாமல், உடற்பயிற்சியால் இறக்கிப் பார்த்தார் என்று ஒரு பத்திரிகையாளர் எழுதியிருக்கிறார். இருதயம் கெடாத மனிதருக்கு அது முடிந்தது. 2024-ல் தொண்ணூறு வயதில் காலமானார்.

கொல்லிமலை ஜனங்களும் ஒரு வகையில் அப்படியே. எத்தனையோ தலைமுறையாக விதையைக் காப்பாற்றி வைத்தார்கள். இன்று அதைக் கிலோ கணக்கில் நமக்கு அனுப்பிவிட்டு, ரேஷன் அரிசியை உலையில் போடுகிறார்கள். அதியமான் தெரிந்து கொடுத்தான். இவர்கள் விலை கட்டாமல் கொடுக்கிறார்கள். சாமை விளைத்தவன் வீட்டிலும் சாமை வேகும்படியான விலையும் இயந்திரமும் அந்த மலைக்குக் கிடைத்தால், அதுவும் இருதய வைத்தியத்தில் சேர்த்திதான். எழுபது வளைவு ஏறி வாங்குகிற நாம், பேரம் பேசாமல் வாங்குவதிலிருந்து அதை ஆரம்பிக்கலாம்.